ஓநாயும் திமிங்கலமும் குறைக்கும் மின் இழப்பு

எங்கள் மின்னியல் துறையில் சில ஆண்டுகளாக மின் இழப்பை, அதாவது கம்பியில் சூடாகி வீணாகும் மின்சாரத்தை, குறைப்பவர்கள் பொறியாளர்கள் அல்லர். சாம்பல் ஓநாய்கள், திமிங்கலங்கள், வௌவால்கள், மின்மினிகள். நம்பாதவர்கள் ஏதாவது ஒரு பொறியியல் கல்லூரி நூலகத்துக்குப் போய், மின்னியல் துறை ஆய்வேடுகளின் தலைப்புகளைப் படித்துப் பார்க்கலாம். உயிரியல் பூங்காவுக்குத் தனியாக டிக்கெட் எடுக்க வேண்டியதில்லை.

விஷயம் தெரியாதவர்களுக்காகக் கொஞ்சம் விளக்கிவிடுகிறேன். ஒரு கணக்குக்குக் கோடிக்கணக்கான விடைகள் இருக்கின்றன, அவற்றில் சிறந்ததைக் கண்டுபிடிக்க வேண்டும் என்றால், ஒவ்வொன்றாகப் போட்டுப் பார்க்க நேரம் போதாது. அதற்காகத் தேடல் முறைகளை உருவாக்கினார்கள். 1995இல் பறவைக் கூட்டத்தின் போக்கைச் சமன்பாடாக எழுதினார்கள். 2014இல் ஓநாய்கள் இரையை வளைப்பது சமன்பாடானது, 2016இல் திமிங்கல வேட்டை. இடையில் குயிலும் வந்தது, வௌவாலும் வந்தது. ஒவ்வொன்று வந்தபோதும் எங்கள் துறையில் சில நூறு கட்டுரைகளுக்கு வழி பிறந்தது.

இந்த விலங்குகள் எல்லாம் மேயும் இடம் ஒன்றுதான். அதற்கு 33 பஸ் அமைப்பு என்று பெயர். மின்கம்பிகள் சந்திக்கும் முனையை நாங்கள் பஸ் என்போம். 1989இல் பாரன், வூ என்ற இருவர் எழுதிய கட்டுரையில் வரும் மாதிரி ஃபீடர் (துணைமின்நிலையத்திலிருந்து மின்சாரத்தைப் பல இடங்களுக்குக் கொண்டுபோகும் மின்பாதை) அது. 12.66 கிலோவோல்ட், 33 முனைகள், 3,715 கிலோவாட் சுமை. எந்த மாற்றமும் செய்யாவிட்டால் இழப்பு 202.7 கிலோவாட். அதில் 37 சுவிட்சுகள் இருக்கின்றன; எந்த ஐந்தைத் திறந்து வைத்தால், அதாவது துண்டித்து வைத்தால், இழப்பு மிகவும் குறையும் என்பது கேள்வி. விடை: 7, 9, 14, 32, 37. அப்போது இழப்பு 139.55 கிலோவாட்.

இந்த விடை துறையில் எல்லோருக்கும் மனப்பாடம். ஆனாலும் ஒவ்வோர் ஆண்டும் புதிதாக ஒரு விலங்கு புறப்பட்டுப் போய், அலைந்து திரிந்து, அதே 139.55ஐக் கொண்டுவந்து கொடுக்கிறது. முந்தைய விலங்கைவிடச் சில விநாடிகள் முன்னதாகக் கொண்டுவந்தது என்பதுதான் ஆய்வின் பங்களிப்பு.

நான் கிருஷ்ணகிரி மாவட்டத்தில் ஒரு சுயநிதிப் பொறியியல் கல்லூரியில் மின்னியல் துறையில் இருக்கிறேன். பவர் சிஸ்டம்ஸ் என் பாடம். முனைவர் பட்டத்துக்கு நான் எழுதியதும் இதே 33 பஸ்ஸை வைத்துத்தான்; அது ஒழுங்கான வேலை, குறை சொல்ல மாட்டேன். ஒரு புது முறை சரியாக ஓடுகிறதா என்று பார்க்க எல்லோருக்கும் பொதுவான ஓர் அமைப்பு வேண்டும். ஆனால் சரிபார்க்கும் இடமே ஆய்வின் முழு உலகமாக ஆகிவிட்டது. காரணம் கண்டுபிடிக்கப் பெரிய மூளை தேவையில்லை. பல்கலைக்கழகப் பட்டியலில் உள்ள இதழில் கட்டுரை வந்தால்தான் மாணவருக்குப் பட்டம். கட்டுரைகளின் எண்ணிக்கையைக் காட்டினால்தான் ஆசிரியருக்குப் பதவி உயர்வு. 33 பஸ்ஸின் தரவு இரண்டு பக்க அட்டவணைக்குள் அடங்குகிறது. மடிக்கணினியைத் திறந்தால் வேலை ஆரம்பம். வெயிலில் போக வேண்டாம், யாரிடமும் அனுமதி கேட்க வேண்டாம், வயல் வரப்பில் நாய் துரத்தாது.

கல்லூரியிலிருந்து புறப்பட்டால், பாலக்கோட்டிலிருந்து மாரண்டஅள்ளி போகிற வழியில் இருக்கும் ஒரு 11 கிலோவோல்ட் ஃபீடருக்கு ஒரு மணி நேரத்தில் போய்விடலாம். தக்காளி, சாமந்தி, தென்னை, இடையிடையே கேழ்வரகு. எல்லாம் கிணற்றையும் போர்வெல்லையும் நம்பிய விவசாயம். இந்த ஃபீடரின் கடைசி டிரான்ஸ்பார்மரில் இப்போது எவ்வளவு சுமை இருக்கிறது என்று கேட்டால் உலகத்தில் ஒருவராலும் சொல்ல முடியாது. 1990 முதல் தமிழ்நாட்டில் எல்லா விவசாயிகளுக்கும் பம்புசெட் மின்சாரம் இலவசம். 20 லட்சத்துக்கும் மேற்பட்ட இணைப்புகள். மிகப் பெரும்பாலானவற்றில் மீட்டர் கிடையாது. இலவசம் சரியா தவறா என்ற பட்டிமன்றத்துக்கு நான் வரவில்லை. என் அப்பாவும் அந்த மின்சாரத்தில்தான் நிலக்கடலைக்குத் தண்ணீர் பாய்ச்சினார். எனக்கு உறுத்துவது வேறு. மீட்டர் இல்லாத ஊரில் விவசாயத்துக்குப் போனது எவ்வளவு, கம்பியில் சூடாகிப் போனது எவ்வளவு என்று பிரிக்க முடியாது. மதிப்பீடுதான் போட முடியும். அப்படி இருக்க, இழப்பை இரண்டு தசம இடங்களுக்குத் துல்லியமாகக் குறைத்துக் காட்டும் எங்கள் கட்டுரைகளை நினைத்தால் எனக்குச் சில சமயம் சிரிப்பு வரும்.

33 பஸ்ஸுக்கும் இந்த ஃபீடருக்கும் வேறு வித்தியாசங்களும் உண்டு. 33 பஸ்ஸில் சுமை அசையாமல் நிற்கும். மின்னழுத்தம் குறைந்தாலும் கூடினாலும் அதே கிலோவாட். மும்முனை மின்சாரத்தின் மூன்று ஃபேஸும் சமம். கம்பியின் மின்தடை அட்டவணையில் இருக்கிறது. இங்கே கம்பி என்னவென்பதே ஊகம். எங்கள் கம்பிகளுக்கும் விலங்குப் பெயர்தான்: ரேபிட் (முயல்), வீசல் (கீரி மாதிரி ஒரு விலங்கு), ஸ்குவிரல் (அணில்). ரேபிட் கம்பி ஒரு கிலோமீட்டருக்கு அரை ஓமுக்குச் சற்று அதிகம். வீசல் 0.9ஐத் தாண்டும், ஸ்குவிரல் 1.3ஐத் தாண்டும். ஒரு கிலோமீட்டர் தூரம் ரேபிட்டா வீசலா என்பது தெரியாவிட்டால் இழப்புக் கணக்கு பாதிக்குப் பாதி மாறிவிடும். பதிவேட்டில் ஒன்று இருக்கும், புயலில் அறுந்த பிறகு கையில் கிடைத்தது ஒன்று ஏறியிருக்கும். ஓநாய்க்கும் திமிங்கலத்துக்கும் ஆய்வகத்தில் குறைவில்லை. வயலில் தொங்குவது முயலா கீரியா என்று போய்ப் பார்க்கத்தான் ஆள் இல்லை.

கிருஷ்ணகிரியில் பவர் சிஸ்டம்ஸ் நடத்துவதில் ஒரு வசதி இருக்கிறது. பெரிய மின்சாரத்தின் சரித்திரம் பக்கத்திலேயே கிடக்கிறது. 1902இல் சிவசமுத்திரத்தில் காவிரியிலிருந்து எடுத்த மின்சாரம் சுமார் 147 கிலோமீட்டர் கம்பியில் போய்ச் சேர்ந்த இடம் கோலார் தங்க வயல். அந்தக் காலத்தில் உலகின் மிக நீளமான மின்பாதைகளில் ஒன்று அது. நூறு ஆண்டுகள் கழித்து, 2003இல், ஒடிசாவின் தால்ச்சரிலிருந்து 1,369 கிலோமீட்டர் நேர்மின்னோட்டப் பாதை வந்து இறங்கியதும் அதே கோலார்தான். 500 கிலோவோல்ட், 2,000 மெகாவாட். 2012 ஜூலை கடைசியில் வடக்கிலும் கிழக்கிலும் மின்தொகுப்பு சரிந்து 60 கோடிப் பேருக்கு மேல் இருட்டில் தவித்தபோது தெற்கு தப்பியதற்குக் காரணம், ஒரு பக்கத்து அதிர்வெண் தடுமாற்றத்தை மறுபக்கம் கடத்தாத இத்தகைய நேர்மின்னோட்ட இணைப்புகளால் மட்டும் நாம் அவர்களோடு சேர்ந்திருந்ததுதான். (தப்பினோம் என்று நாம் பெருமைப்பட்டுக்கொள்ள அப்போது வீட்டில் கரண்ட் இல்லை; அது வேறு கதை.) 2013 டிசம்பர் 31 அன்று ராய்ச்சூர்–சோலாப்பூர் 765 கிலோவோல்ட் பாதை இணைந்த பிறகு நாடு முழுவதும் ஒரே அதிர்வெண்.

இதை வகுப்பில் சொல்லும்போது ஒன்றைச் சேர்த்துச் சொல்வேன். அதிர்வெண் நாட்டுக்குப் பொது. மின்னழுத்தம் அவரவர் கிணற்றுக்குச் சொந்தம். இந்த விநாடி மாரண்டஅள்ளியிலும் லூதியானாவிலும் அதிர்வெண் ஏறத்தாழ ஒன்றேதான். அதை விநாடிக்கு விநாடி கண்காணிக்க டெல்லியிலும் பெங்களூருவிலும் ஆட்கள் உட்கார்ந்திருக்கிறார்கள். மாரண்டஅள்ளிக் கிணற்றில் மின்னழுத்தம் என்ன என்று பார்க்க அந்தக் கிணற்றுக்காரரைத் தவிர யாரும் இல்லை. அவரும் பார்ப்பது வோல்ட்மீட்டரை அல்ல, குழாயில் விழும் தண்ணீரை.

என் ஆய்வு மாணவர் பென்னாகரத்துக்காரர். பாலிடெக்னிக்கில் வேலை பார்த்துக்கொண்டே பகுதி நேரமாகப் படிக்கிறார். அவர் முதலில் கொண்டுவந்த தலைப்பில் ஒரு சிங்கம் இருந்தது. "சிங்கம் வேண்டாம் தம்பி, ஒரு டிரான்ஸ்பார்மரை அளந்து வாருங்கள்" என்றேன். முகம் வாடிப் போனார். ஆனாலும் பிரிவு அலுவலகத்தில் அனுமதி வாங்கி, ஃபீடரின் வால்பகுதியில் இருக்கும் 100 கிலோவோல்ட்–ஆம்பியர் டிரான்ஸ்பார்மரில் அளவீட்டுக் கருவியைப் பொருத்தியது அவர்தான். லைன்மேன் ஏ.பி. சுவிட்சை (கம்பத்தில் இருக்கும், லைனைத் துண்டிக்கும் சுவிட்ச்) திறந்து, எர்த் போட்டு, "இப்போது தொடலாம் மேடம்" என்று சொன்ன பிறகு மூன்று கேபிளிலும் மூன்று கிளாம்ப். கருவி ஒரு தகரப் பெட்டிக்குள். அடுத்த முறை திறந்தபோது பெட்டிக்குள் பல்லி முட்டையிட்டிருந்தது. பதிவு பத்திரமாக இருந்தது.

அந்தப் பதிவில் ஒரு மாலை நேரம் எனக்கு மிகவும் பிடித்துப் போனது. மின்சாரம் நின்று, கொஞ்ச நேரம் கழித்துத் திரும்புகிறது. இந்தப் பக்கம் ஏறக்குறைய எல்லா மோட்டாரிலும் ஆட்டோ சுவிட்ச் உண்டு. கரண்ட் வந்தவுடன் தானாக மோட்டாரை ஓட்டிவிடும். நள்ளிரவில் பாம்புக்குப் பயந்துகொண்டே வயலுக்கு நடந்து அலுத்தவர்கள் வாங்கி வைத்தது, குறை சொல்ல முடியாது. ஆனால் எல்லா மோட்டாரும் ஒரே கணத்தில் கிளம்புகின்றன. கிளம்பும்போது ஒவ்வொன்றும் ஓடும்போது இழுப்பதைப்போல ஆறு மடங்கு மின்னோட்டம் இழுக்கும். 133 ஆம்பியர் தாங்க வேண்டிய டிரான்ஸ்பார்மரில் 500ஐத் தாண்டியது கோடு. மின்னழுத்தம் 330 வோல்ட்டுக்கு இறங்கியது. 415 இருக்க வேண்டிய இடம். விதிப்படி 6 சதவீதம் கூடலாம், குறையலாம், அதாவது 390க்குக் கீழே போகவே கூடாது. மோட்டாரின் முறுக்குவிசை மின்னழுத்தத்தின் வர்க்கத்தைப் பொறுத்தது. 330 என்றால் 63 சதவீதம்தான் மிஞ்சும். அதனால் மோட்டார்கள் வேகம் பிடிக்காமல் முனகுகின்றன, முனகும் நேரமெல்லாம் அதே பெரிய மின்னோட்டத்தை இழுக்கின்றன, அதனால் மின்னழுத்தம் ஏற மறுக்கிறது. ஒன்றை ஒன்று பிடித்து இழுத்துக்கொண்டு எல்லாம் சேர்ந்து கிணற்றில் விழுந்ததுபோல் அந்த வரைபடம் பத்துப் பதினைந்து விநாடி அடியிலேயே கிடந்தது.

"ஃபியூஸ் எப்படித் தாங்கியது?" என்று லைன்மேனிடம் கேட்டேன்.

"கட்டையில் எத்தனை இழை கம்பி இருக்கிறது என்று மட்டும் கேட்காதீர்கள் மேடம். நான் போட்டுவிட்டுப் போவது ஒன்று, ராத்திரியில் ஊர்க்காரர்கள் போடுவது ஒன்று."

33 பஸ்ஸில் இந்தப் பதினைந்து விநாடி கிடையாது. அங்கே யாரும் மோட்டாரை ஓட்டுவதே இல்லை.

காவேரிப்பட்டணத்தில் மோட்டாருக்குக் காயில் கட்டும் பாய் ஒருவர் இருக்கிறார். எங்கள் ஃபீடரைப் பற்றி எனக்கு இதுவரை கிடைத்ததில் மிக நல்ல தரவு அவருடைய கடைத் தரையில் இருக்கிறது. கழற்றிப் போட்ட ஸ்டேட்டரை (மோட்டாரில் காயில் கட்டிய, சுழலாத பகுதி) கையில் எடுத்து, டார்ச் அடித்து ஒரு சுற்றுப் பார்ப்பார். "இது கரண்டில் போனது, இது தண்ணீரில்லாமல் போனது" என்று சொல்லிவிடுவார். முதல் நாள் எனக்கு நம்பிக்கை வரவில்லை. பிறகு பக்கத்தில் உட்கார்ந்து பார்த்தேன். ஸ்டார் இணைப்பில் (மூன்று ஃபேஸ் காயில்களின் ஒரு நுனியை ஒன்றாக முடிந்தது) இருக்கும் மோட்டாருக்கு ஒரு ஃபேஸ் போய்விட்டால், மீதி இரண்டு ஃபேஸின் காயில்கள்தான் சுமையைச் சுமக்கும். அவை கருகிக் கரியாக இருக்கும். மூன்றாவது ஃபேஸின் காயில்கள் புதிதாகக் கட்டியதுபோல் செம்பு நிறத்தில் பளபளக்கும். வட்டத்தைச் சுற்றிக் கறுப்பு, கறுப்பு, செம்பு என்று ஒழுங்காக மாறி மாறி வரும். மின்னழுத்தம் குறைந்தோ சுமை கூடியோ போனதென்றால் ஒரே சீராக முழு வட்டமும் கறுத்திருக்கும். மூன்றாம் ஆண்டுப் பாடத்தில் நான் சமன்பாட்டோடு ஒரு மணி நேரம் நடத்துவதை அவர் டார்ச்சில் பார்த்துவிடுகிறார்.

"இரண்டு ஃபேஸில் கண்டன்சர் போட்டு ஓட்டுகிறார்கள் அம்மா. சொன்னால் கேட்பதில்லை. எனக்குத் தொழில் நடக்கிறது, நான் ஏன் சொல்ல வேண்டும் என்றுகூட நினைப்பேன். ஆனாலும் சொல்லித்தான் அனுப்புகிறேன்" என்றார். மும்முனை மின்சாரம் இல்லாத நேரத்தில் கண்டன்சரை வைத்து இல்லாத மூன்றாவது ஃபேஸை ஒப்பேற்றுவது இந்தப் பக்கம் பழைய வித்தை. மோட்டார் ஓடும். ஆனால் மூன்று காயிலிலும் மின்னோட்டம் சமமாக இருக்காது. சமமில்லாத பங்கு தண்ணீரை இறைக்காமல் இரும்பைச் சூடாக்கும். பாய் ஒவ்வொரு மோட்டாருக்கும் தேதி, குதிரைத்திறன், ஊர் மூன்றையும் ஒரு நோட்டில் எழுதுகிறார். நாங்கள் கேட்டுக்கொண்டதன் பேரில் இப்போது நான்காவதாக ஒரு பத்தி: எத்தனை ஃபேஸ் கறுப்பு. இதை எந்த இதழ் தரவாக ஏற்கும் என்று என் மாணவர் கேட்கிறார். நியாயமான கேள்விதான்.

வகுப்பிலும் இதே வேலையைத்தான் செய்யப் பார்க்கிறேன். டிரான்ஸ்பார்மரின் டெல்டா–ஸ்டார் இணைப்பைக் கரும்பலகையில் வரைவதற்கு முன் ஒரு கேள்வி: "உங்கள் தெருவில் சில வீடுகளில் விளக்கு நன்றாக எரிந்து, சில வீடுகளில் மட்டும் மங்கிப் போனதைப் பார்த்திருக்கிறீர்களா?" பாதிக் கைகள் மேலே போகும். நகரத்துப் பிள்ளைகள் விழிப்பார்கள். டிரான்ஸ்பார்மரின் மேலே 11 கிலோவோல்ட் பக்கம் ஓர் எச்.ஜி. ஃபியூஸ் (ஒவ்வொரு ஃபேஸுக்கும் ஒன்றாக இருப்பது) போய்விட்டால், கீழே ஒரு ஃபேஸில் முழு மின்னழுத்தம் இருக்கும், மற்ற இரண்டில் பாதிப் பாதிதான் இருக்கும். 240க்குப் பதில் 120. சென்ற ஆண்டு ஊத்தங்கரைப் பக்கத்து மாணவி ஒருத்தி, "அப்படியானால் மூன்றில் ஒரு பங்கு வீடுகள் மட்டும் நன்றாக எரிய வேண்டும் மேடம், எங்கள் தெருவில் அப்படித்தான் எரிந்தது" என்று கணக்குப் போட்டுச் சொன்னாள். அன்று எனக்குச் சம்பளம் குறைவாகத் தெரியவில்லை.

ஆட்டோ சுவிட்ச் பிரச்சினைக்குத் தீர்வு தொழில்நுட்பமாகப் பார்த்தால் அற்பம். மின்சாரம் வந்ததும் ஒவ்வொரு மோட்டாரும் வெவ்வேறு நேரம் காத்திருந்து கிளம்பினால் போதும். விலை குறைந்த ஒரு டைமர். மாணவர் ஒவ்வொரு கிணற்றுக்கும் ஒரு வரிசை எண் போட்டு, கடைசி எண்ணுக்கு ஐந்து நிமிடம் என்று திட்டம் எழுதினார். ஊரில் போய்ச் சொன்னோம். முதல் கேள்வியே அடி வயிற்றில் விழுந்தது: "என் மோட்டார் எதற்குக் கடைசியில் ஓட வேண்டும்?" அருகருகே போர் போட்டிருக்கிறார்கள், ஒரே ஊற்று. முதலில் ஓடுகிறவருக்குத் தண்ணீர். ஐந்து நிமிடம் என்பது எனக்கு ஐந்து நிமிடம், அவருக்கு அது பக்கத்து வயல்காரர் தன்னை முந்துவது. தெலங்கானாவில் 2018இல் விவசாயத்துக்கு 24 மணி நேர மின்சாரம் கொடுக்கத் தொடங்கியபோது ஆட்டோ ஸ்டார்ட்டர்களைக் கழற்றச் சொல்லி அரசே கேட்டுக்கொள்ள வேண்டியிருந்தது என்பது இப்போது எனக்கு நன்றாகவே புரிகிறது.

திரும்பி வந்து, காத்திருக்கும் நேரத்தைப் பெட்டியே ஒவ்வொரு முறையும் தன் போக்கில் மாற்றிக்கொள்ளும்படி செய்தோம். இன்று முதலில், நாளை கடைசியில். யாருக்கும் நிரந்தரமாகப் பின்வரிசை இல்லை. அதே ஆள் கொஞ்சம் யோசித்துவிட்டு, "குலுக்கல் சீட்டு மாதிரியா? அப்படியென்றால் சரி" என்றார். மின்னியல் கணக்கில் நிலையான வரிசைதான் சற்று நல்லது. இரண்டு மோட்டார் தற்செயலாக ஒரே நேரத்தில் கிளம்ப வாய்ப்பே இருக்காது. ஆனால் ஊர் ஏற்காத சிறந்த விடையை வைத்துக்கொண்டு நான் என்ன செய்வது?

இதை எழுதி ஓர் இதழுக்கு அனுப்பினோம். இரண்டு மதிப்பீட்டாளர்கள். ஒருவர், முறையை அங்கீகரிக்கப்பட்ட சோதனை அமைப்பில் சரிபார்த்தீர்களா, குறிப்பாக 33 பஸ்ஸில், என்று கேட்டிருந்தார். இன்னொருவர், அண்மையில் வந்த விலங்கு முறைகளோடு ஒப்பிடவில்லையே என்று வருந்தியிருந்தார். மாணவர் போனில் சொல்லும்போது குரல் உடைந்துவிட்டது. அவருக்குக் காலக்கெடு நெருங்குகிறது. சரி, கேட்டதைக் கொடுப்போம் என்று 33 பஸ்ஸிலும் மோட்டார்களைப் போட்டு ஓட்டினோம். அங்கும் 18ஆம் முனைதான் முதலில் தள்ளாடியது. வழக்கமான சுமையிலேயே, இருக்க வேண்டிய மின்னழுத்தத்தில் 0.913 பங்குக்கு இறங்கி நிற்கும் முனை அது. வால்பகுதிக்காரர்களின் விதி காகிதத்திலும் மாறவில்லை. கட்டுரையைத் திருப்பி அனுப்பியிருக்கிறோம். விலங்கு ஒப்பீட்டை மட்டும் செய்யவில்லை. ஏன் என்று மரியாதையாக ஒரு பத்தி எழுதினேன். மூன்று முறை திருத்தி எழுதிய பிறகுதான் அது மரியாதையாக வந்தது.

இப்போது அவசரம் வேறு ஒன்றில். லைன்மேன் வருகிற மே மாதம் ஓய்வு பெறுகிறார். அவர் சட்டைப்பையில் ஒரு சிறிய நோட்டு உண்டு: எந்தக் கம்பத்திலிருந்து எந்தக் கம்பம் வரை என்ன கம்பி, எந்த ஆண்டு மாற்றியது, எந்த இன்சுலேட்டர் மழையில் பொறி பறக்கும், எந்தக் கிணற்றுக்காரர் எந்த ஃபேஸிலிருந்து எடுத்திருக்கிறார் என்று எல்லாம் பால்பாயின்ட் பேனாவில், சில இடங்களில் வியர்வையில் கலங்கி. அதை ஒவ்வொரு பக்கமாகப் படம் எடுத்து, கம்பம் கம்பமாக நடந்து சரிபார்த்து, கணினியில் ஏற்றிக்கொண்டிருக்கிறோம். பாதி முடிந்திருக்கிறது. அவருக்கும் அதில் உற்சாகம். ஞாயிற்றுக்கிழமைகூட வருகிறார், வெற்றிலைக்குக் காசு கொடுத்தால் கோபித்துக்கொள்கிறார்.

குலுக்கல் டைமர் பெட்டிகள் ஒரு டிரான்ஸ்பார்மருக்குப் போதுமான அளவு தயாராக இருக்கின்றன. பொருத்துவதற்கு அனுமதி கேட்டு விண்ணப்பமும் கொடுத்தாயிற்று. ஒரே டிரான்ஸ்பார்மரில் இருக்கும் எல்லோரும் சம்மதித்தால்தான் அளவீட்டுக்கு அர்த்தம். இரண்டு பேர் இன்னும் யோசிக்கிறார்கள், அவர்கள் இருவருக்கும் வரப்புத் தகராறு இருப்பதால் ஒரே நாளில் சேர்த்துப் பேச முடியவில்லை. மாரண்டஅள்ளிப் பக்கம் இவர்கள் இருவருக்கும் பொதுவான சொந்தக்காரர் யாராவது இதைப் படித்தால் எனக்கு ஒரு வரி எழுதுங்கள்.